'சுகர் ஃப்ரீ' என்று அட்டை எழுதுமுன்

மதிப்புக்குரிய இனிப்புக் கடை உரிமையாளர்களுக்கும், பட்டறையில் பாகுக்குப் பதம் பார்க்கும் சரக்கு மாஸ்டர்களுக்கும், கடை முன்னால் நின்று எடை போட்டுத் தரும் தம்பி தங்கைகளுக்கும்,



தீபாவளி ஆர்டர் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்த மடல் உங்களிடம் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுப்பு மூட்டிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வரிசையில் நிற்கும் எங்களுக்கும் நின்று பேச முடியாது.

சேதி, உங்கள் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டுக்கு முன்னால் செருகியிருக்கும் அட்டையைப் பற்றியது. மைசூர்பாகுக்கும் பாதுஷாவுக்கும் பக்கத்தில், மற்ற பலகாரங்களைவிடக் கிலோவுக்கு விலை கூடுதலாக, அந்தத் தட்டு இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அதன்மேல் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதியிருக்கிறீர்கள். சில கடைகளில் ஆங்கில எழுத்தில், சில கடைகளில் தமிழ் எழுத்தில். எந்த எழுத்தில் எழுதினாலும் அது ஆங்கிலச் சொல்தான். இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த ஒரு பெயரடை. அந்தப் பெயரடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை உங்களோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க விரும்புகிறேன். உங்கள் தொழிலைக் குறை சொல்வது நோக்கமில்லை. கோதுமைப் பாலெடுத்து அல்வா கிண்டுகிறவருடைய தோள்வலி எனக்குத் தெரியும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். உங்கள் அட்டையைப் படித்துவிட்டுக் கை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இவர்களும் இவர்கள் வீட்டாரும்தான். நானும் அவர்களில் ஒருவன். தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிய பண்டம் என்றால் அதற்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. எதில் எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தட்டில் அடுக்கிய லட்டுக்குப் பின்பக்கம் கிடையாது. நீங்கள் எழுதும் அட்டைதான் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் எல்லாம்.

முதலில் 'ஃப்ரீ'யை எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல் தமிழில் குடியேறி வெகுநாள் ஆகிவிட்டது. ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்றால் இலவசம். சாயங்காலம் ஃப்ரீயா என்றால் ஓய்வு. ஃப்ரீயா விடுப்பா என்றால் கண்டுகொள்ளாதே. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சிறு கோடு போட்டு ஒட்டிக்கொள்ளும்போது இந்த மூன்றில் எதுவும் அதன் பொருள் ஆகாது. அங்கே அதற்கு ஒரே வேலை: கோட்டுக்கு முன்னால் நிற்கும் பொருள் இதில் இல்லை என்று சொல்வது. முன்னால் நிற்கும் அந்த ஒரு பொருள் மட்டும்தான். மற்றதைப் பற்றி அதற்கு வாயே கிடையாது.

விமான நிலையங்களில் 'டியூட்டி ஃப்ரீ' கடை பார்த்திருப்பீர்கள். 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் முதல் கடை தொடங்கியது. அங்கே இல்லாதது வரி மட்டும். பொருளுக்கு விலை உண்டு. 'டோல் ஃப்ரீ' எண்ணுக்கு அழைக்கும்போது உங்களுக்குத்தான் கட்டணம் இல்லை. அழைப்பை எடுக்கும் நிறுவனம் கட்டிக்கொண்டிருக்கிறது. செலவு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. நம் ஊரில் வட்டியில்லாக் கடன் என்கிறோமே, அதுவும் இதே அமைப்புத்தான். வட்டி இல்லை என்பதால் அசலைக் கட்டாமல் விட முடியுமா? சுகர் ஃப்ரீ இனிப்பிலும் அசல் அப்படியே நிற்கிறது: மாவு, நெய், பால், பருப்பு. 'சுகர்' என்ற ஒரு வரியை மட்டும் கணக்கிலிருந்து அடித்திருக்கிறீர்கள். வாங்குகிறவர் கடனே தள்ளுபடி என்று எடுத்துக்கொள்கிறார்.

ஏன் அப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கும் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று இல்லை என்று சொல்ல ஆங்கிலத்தில் 'லெஸ்' என்ற ஒட்டும் உண்டு. 'கேர்லெஸ்' என்றால் கவனமற்றவன், திட்டு. 'கேர்ஃப்ரீ' என்றால் கவலையற்றவன், பாராட்டு. பிள்ளை வேண்டும் என்று ஏங்கியும் வாய்க்காதவரைச் 'சைல்ட்லெஸ்' என்பார்கள்; வேண்டாம் என்று தாமே முடிவு செய்தவர் தம்மைச் 'சைல்ட்ஃப்ரீ' என்று சொல்லிக்கொள்வார். 'லெஸ்' ஒரு குறையைச் சொல்லும் இடத்தில் 'ஃப்ரீ' விடுதலையைச் சொல்கிறது. பிடித்திருந்த தொல்லை ஒன்று நீங்கிவிட்டது, இனி நிம்மதி என்ற தொனி அதற்குள் எப்போதும் இருக்கும். வரி, கட்டணம், புகை, ஈயம் என்று வேண்டாதவற்றோடுதான் அது பெரும்பாலும் சேரும். நெய் ஊற்றாத மைசூர்பாகை யாரும் பெருமையாக 'நெய் ஃப்ரீ' என்று விற்க மாட்டார்கள். ஆகவே அட்டையில் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதும்போது சர்க்கரை இல்லை என்ற தகவலோடு, இனி உங்களுக்குப் பயமில்லை என்ற ஆறுதலையும் சேர்த்தே எழுதிவிடுகிறீர்கள். அந்த ஆறுதலைத் தரும் தகுதி தட்டில் இருக்கும் பண்டத்துக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பேச்சில் 'சுகர்' என்பது பண்டத்தின் பெயராக மட்டும் இல்லை. நோயின் பெயராகவும் ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சுகர், சுகர் ஏறிடுச்சு, சுகர் பார்த்தியா என்றுதான் பேசுகிறோம். அந்தக் காதோடு 'சுகர் ஃப்ரீ' என்று கேட்டால் எப்படி விழும்? சீனி போடாத இனிப்பு என்பதைத் தாண்டி, சுகர் ஏறாத இனிப்பு, சுகர்காரர்களுக்கென்றே செய்த இனிப்பு என்று விழும். ஆங்கிலம் பேசும் நாட்டில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கனம் கிடையாது. நம் தெருவில் அது பாதி மருந்துச் சீட்டாகிவிடுகிறது.

இனி கோட்டுக்கு முன்னால் நிற்கும் 'சுகர்'. குழப்பத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். உங்களில் பலர் மனமறிந்து பொய் எழுதுவதில்லை. வெள்ளைச் சீனி ஒரு துளிகூடப் போடவில்லை. பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் அரைத்து லட்டு பிடித்திருக்கிறோம், அல்லது கருப்பட்டியில் செய்திருக்கிறோம், அப்புறம் சுகர் ஃப்ரீ என்று எழுதினால் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். தமிழ் வழக்குப்படி பார்த்தால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நமக்குச் சீனி வேறு, வெல்லம் வேறு, நாட்டுச் சர்க்கரை வேறு, கருப்பட்டி வேறு, பனங்கற்கண்டு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பதம், தனிப் பண்டம். சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் வைத்துவிட்டு அதில் வெல்லத்தைத்தான் போடுகிறோம். சீனி போடவில்லை என்றால் நமக்கு அது 'சுகர்' போடாததுதான்.

ஆனால் அட்டையில் நீங்கள் எழுதியிருக்கும் சொல் அந்தத் தமிழ்ச் 'சுகர்' இல்லை. உணவு விதிமுறைகளில் சர்க்கரை என்பது வேதியியல் குடும்பப் பெயர். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகளும், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரைகளும் அதில் அடக்கம். ஆலைச் சீனி ஏறக்குறைய முழுக்கவே சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கூடவே கொஞ்சம் தாதுக்கள், நிறம், மணம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு போலச் சர்க்கரை. உலர்ந்த பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல். கருப்பட்டிக்கென்று ஓர் அருமை உண்டு. உடன்குடிக் கருப்பட்டி வாசனைக்கு நான் அடிமை. அதற்காக அது சர்க்கரைக் குடும்பத்தை விட்டு வெளியேறிவிடாது.

இந்தக் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் சட்டம் ஓர் எண்ணையும் வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளின்படி, ஒரு பண்டத்தைச் 'சுகர் ஃப்ரீ' என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் அல்லது 100 மில்லியில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 'லோ சுகர்', அதாவது சர்க்கரை குறைந்தது என்பதற்கு, திடப் பண்டமானால் 100 கிராமுக்கு 5 கிராம் வரை, திரவமானால் 100 மில்லிக்கு 2.5 கிராம் வரை. இந்தப் பெயரடைகள் எல்லாமே இப்படி அளந்து வைத்த சொற்கள். 'டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ'க்கு 100 கிராமுக்கு 0.2 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 'குளூட்டன் ஃப்ரீ'க்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் எல்லை. பேச்சில் 'ஃப்ரீ' என்றால் சுத்தமாக இல்லை. அட்டையில் 'ஃப்ரீ' என்றால் இந்தக் கோட்டுக்குக் கீழே.

கோடு எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஒரு தடவை சாப்பிடும் அளவில் சர்க்கரை 0.5 கிராமுக்குக் குறைந்தால் பட்டியலில் பூஜ்யம் என்று போடலாம். அங்கே விற்கும் டிக்டாக் மிட்டாய் ஒன்றின் எடை 0.49 கிராம். அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மிட்டாய் என்று கணக்கு வைத்ததால் பட்டியலில் சர்க்கரை 0 கிராம். நம் விதி 100 கிராமுக்கு இவ்வளவு என்று அளப்பதால் துண்டைச் சிறிதாக வெட்டித் தப்பிக்கும் சந்து இங்கே கிடையாது.

இந்தக் கோட்டை வைத்து உங்கள் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுவோம். சீனி போடாத பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாலில் இயல்பாகவே சுமார் 45 முதல் 50 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதைச் சுண்டக் காய்ச்சினால் பாலின் தரத்துக்குத் தக்கபடி ஏறத்தாழ 200 கிராம் கோவா தேறும். ஆவியாகப் போவது தண்ணீர்தான். லாக்டோஸ் சட்டியிலேயே தங்கிவிடும். ஆக 100 கிராம் கோவாவில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஒரு கரண்டி சீனியும் போடாமலே. சட்டம் சொல்லும் எல்லையைப் போல நாற்பது மடங்கு. முந்திரியிலும் 100 கிராமுக்கு 6 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது. சீனிக்குப் பதில் வேறு இனிப்பான் போட்டுச் செய்த முந்திரி கத்லிகூட அரை கிராம் கோட்டுக்குள் அடங்குவது கடினம். பேரீச்சம்பழ லட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் பலகாரங்களில் இந்தப் பெயரடையைச் சட்டப்படி தாங்கக்கூடியவை மிகமிகச் சில. அலமாரியில் அதிகம் தென்படும் அட்டைதான் அநேகமாக எந்தத் தட்டுக்கும் பொருந்தாததாக இருக்கிறது.

சரி, அந்தக் கோட்டுக்குள் அடங்கும் பண்டம் ஒன்றை ஒரு மாஸ்டர் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சொல் உண்மையாகிவிடும், ஆறுதல் உண்மையாகாது. ஏன் என்று மாஸ்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் அவர்களே எனக்குப் பாடம் எடுப்பார்கள். சீனி இனிப்பை மட்டுமா தருகிறது? பாகு அதுதான், பிடிப்பு அதுதான், எடை அதுதான், கெடாமல் காப்பதும் அதுதான். ஒற்றைக் கம்பிப் பதம் என்று சொல்கிறோமே, அந்தக் கம்பி சர்க்கரைப் பாகில்தான் வரும்.

இப்போது பரவலாகப் பயன்படும் இனிப்பான்களில் ஒன்று சுக்ரலோஸ். 1976இல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில் குளோரின் ஏற்றிய சர்க்கரைச் சேர்மங்களை வைத்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த சஷிகாந்த் பட்னிஸ் என்ற இந்தியரிடம் ஒரு சேர்மத்தை 'டெஸ்ட்' செய்யச் சொல்ல, அவர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழ, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார் என்பது இன்றைக்கும் சொல்லப்படும் கதை. அந்தச் சேர்மம் சீனியைப்போல் சுமார் 600 மடங்கு இனித்தது. இனிப்பு கிடைத்துவிட்டது, கணக்கைப் பாருங்கள். 600 கிராம் சீனி இருந்த இடத்தில் 1 கிராம் தூள் போதும். மீதி 599 கிராமின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

அந்த இடத்தில்தான் மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டிடால் போன்றவை வந்து உட்காருகின்றன. இல்லையென்றால் கூடுதல் மாவும் பால்பவுடரும் நெய்யும். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். விதிப்படி அதில் பெரும்பகுதி சர்க்கரைக் கணக்கில் சேராது. உடலுக்கு அந்த விதி தெரியாது. அதை வேகமாகவே குளுக்கோஸாக உடைத்து ரத்தத்தில் விட்டுவிடும். மால்டிடால் சர்க்கரை ஆல்கஹால் வகை. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிராமுக்குச் சீனி 4 கலோரி தருகிறது என்றால் இது 2 கலோரிக்குச் சற்று மேலே தருகிறது. ரத்தச் சர்க்கரையைச் சீனி அளவுக்கு ஏற்றாது, ஏற்றாமலும் இருக்காது. அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் இந்த வகை இனிப்பான்கள் கூடுதலாகச் சேர்ந்த பொட்டலங்களில் பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிடச் சொல்கிறார்கள். பயமில்லை என்று நம்பிக் கால் கிலோவை ஒரே மாலையில் முடித்தவருக்கு அந்த எச்சரிக்கையை யார் சொன்னது? தட்டுக்குத்தான் பின்பக்கம் இல்லையே.

மைதாவும் கடலைமாவும் சேர்ந்த பண்டத்தில் சர்க்கரை பூஜ்யம் என்றாலும் மாவுச்சத்து பூஜ்யமில்லை. நெய்யில் கிராமுக்கு 9 கலோரி என்பதை எந்த இனிப்பானும் குறைக்காது. உலகச் சுகாதார அமைப்பு 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், எடை குறைக்கும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பான்களை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்காக எழுதிய பரிந்துரை அது இல்லை. அவர்கள் தங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது, இனிப்புக் கடை அட்டை அந்த மருத்துவரின் இடத்தில் உட்காரக் கூடாது என்பதே.

இந்தப் பெயரடை நம் நாட்டில் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' என்ற பெயரிலேயே அப்போது இனிப்பான் விற்றுவந்த காடிலா ஹெல்த்கேர் நிறுவனம், அமுல் தன்னுடைய உறைந்த இனிப்புப் பெட்டியில் அதே சொல்லைப் பெரிதாகப் போட்டதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் தனி நீதிபதியும், 2009இல் மேல்முறையீட்டு அமர்வும் விசாரித்தார்கள். அந்தச் சொல் ஒரு பண்டத்தின் தன்மையைச் சொல்லும் பொதுச் சொல். அந்தப் பொருளில் அதை மற்றவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதோடு, தன் சொந்தப் பெயரைவிடப் பெரிதாகவும் தடிப்பாகவும் அந்தச் சொல்லை அச்சிடக் கூடாது என்று அமுலுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் நடந்தது. வாங்கித் தின்பவர் அதில் கட்சிக்காரர் இல்லை. ஆனாலும் உங்களுக்கும் எனக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அந்தச் சொல் யாருடைய சொத்தும் இல்லை, பண்டத்தின் தன்மையைச் சொல்வதுதான் அதன் வேலை என்றால், அந்தத் தன்மை பண்டத்தில் இருந்தாக வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதுகூட வாங்குகிறவர் மனத்தில் ஒன்றை உண்டாக்குகிறது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு கேட்டபின், பிறகு என்னதான் எழுதுவது என்று உங்களுக்கு எரிச்சல் வரலாம். எழுத நம்மிடமே நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயரடை ஒரே மூட்டையில் கட்டிவைத்ததைத் தமிழ் மூன்றாகப் பிரித்துச் சொல்லும்: இல்லாதது, சேர்க்காதது, குறைந்தது. இல்லாதது என்பது பண்டத்தைப் பற்றிய பேச்சு. சேர்க்காதது என்பது செய்தவர் கையைப் பற்றிய பேச்சு. பாலில் இருக்கும் லாக்டோஸ் நீங்கள் போட்டதில்லை. ஆகவே சீனி சேர்க்காத பால்கோவா என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், அது முழு உண்மை. சர்க்கரை இல்லாத பால்கோவா என்று சொல்ல முடியாது. 'நோ ஆடட் சுகர்' என்ற ஆங்கிலத் தொடர் சொல்வதும் இந்தச் சேர்க்காததைத்தான். அதற்கும் நிபந்தனை உண்டு: சீனிக்குப் பதிலாகப் பழச்சாற்றுப் பாகையோ உலர்பழ விழுதையோ போட்டுவிட்டு அந்தத் தொடரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது பன்னாட்டு உணவு நெறிமுறையான கோடெக்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தில், சேர்க்காமலே இயல்பாகச் சர்க்கரை இருக்கும் பண்டம் என்றால் அதையும் அட்டையிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அட்டையில் நான்கு விதமாக எழுதலாம். எது உங்கள் சரக்குக்குப் பொருந்துகிறதோ அதை எழுதுங்கள். பேரீச்சம்பழத்தில் செய்தால், 'பேரீச்சம்பழ லட்டு, சீனி சேர்க்கவில்லை, பழச் சர்க்கரை உண்டு'. வெல்லத்திலோ கருப்பட்டியிலோ செய்தால், 'கருப்பட்டி மைசூர்பாகு', அவ்வளவுதான். அந்தப் பெயரே விற்கும், வேறு பட்டம் தேவையில்லை. இனிப்பான் போட்டுச் செய்தால், இனிப்பானின் பெயர், அதோடு மாவும் நெய்யும் உண்டு என்ற ஒரு வரி. நான்காவதாக, உண்மையிலேயே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து 100 கிராமுக்கு 0.5 கிராமுக்குள் வந்தால், 'சுகர் ஃப்ரீ' என்று பெரிதாகவே எழுதுங்கள். அந்த எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து உதிரி இனிப்புக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டு முன்னால் எழுதச் சொன்னபோது முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. இன்று பல கடைகளில் அது பழகிப்போய்விட்டது. அதே அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

எடை போடும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் தயங்கி நிற்கும்போது, "சுகர் இருக்கிறவங்க தாராளமா சாப்பிடலாம் சார்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் அட்டையைவிட வலுவானது. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். அதற்குப் பதில், "சீனி போடல சார், பேரீச்சம்பழத்துல செஞ்சது, அளவா எடுத்துக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர் அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ வாங்கலாம். அடுத்த மாதமும் உங்கள் கடைக்கே வருவார். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் காலம் இது. தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்க்கிறவர் இயந்திரத்தைத்தான் நம்புவார், அட்டையை நம்ப மாட்டார். ஒருமுறை அப்படி ஆனால், அந்தத் தட்டோடு சேர்த்துப் பக்கத்துத் தட்டுகள் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இனிப்பே வேண்டாம் என்று எங்களிடம் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில், பேரன் பிறந்த வீட்டில், ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதா என்று தேடித்தான் உங்கள் கடை வாசலுக்கு வருகிறோம். அந்த ஒரு விள்ளலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும். தெரியாமல் செய்வதுதான் கஷ்டம்.

இந்த மடலைப் படித்துவிட்டு, நீ சொன்ன கணக்கு எங்கள் சரக்குக்குப் பொருந்தாது என்று உங்களில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். எந்த மாவு, எந்த இனிப்பான், 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் சொல்வதை அப்படியே அட்டையிலும் எழுதிவிட்டால், நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்